பங்குனியில் செட்டிநாட்டுக்கு நான்கு நாள்: ஆளுக்கு ஒரு தோள்பை போதுமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். பங்குனி முதல் வாரத்தில் நீங்கள், மனைவி, 68 வயது அம்மா மூன்று பேரும் சென்னையிலிருந்து ரயிலில் வருகிறீர்கள். கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டில் நான்கு நாள் தங்கல். கோயில், ஆத்தங்குடி, திருமயம் என்று சுற்றிவிட்டு, மூன்றாம் நாள் சொந்தத்தில் ஒரு மணிவிழா. போன பயணத்தில் பெட்டி தூக்கியே அலுத்துப்போனதால் இந்தத் தடவை ஆளுக்கு ஒரு தோள்பைதான் என்று முடிவு செய்துவிட்டீர்கள். ஆனால் விசேஷம் இருக்கிறதே, வெயில் இருக்கிறதே, அம்மா வருகிறாரே என்று மனசு இழுக்கிறது. சாமான் பட்டியல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். எதை விட்டுவிட்டு வந்தால் இங்கே வந்து திண்டாட மாட்டோம் என்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் படித்தது துணி நூல் தொழில்நுட்பம். பிழைப்பு, பல வருடமாக இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் தங்க வருகிறவர்களைக் கவனித்துக்கொள்வது. இரண்டையும் சேர்த்து வைத்துச் சொல்கிறேன்: உங்களுக்கும் மனைவிக்கும் தோள்பை தாராளமாகப் போதும். அம்மாவுக்குக் கொஞ்சம் வேறு கணக்கு, அதைப் பிறகு சொல்கிறேன். எல்லோரும் நான்கு நாள் என்றால் நான்கு செட், கைக்கு ஒன்று கூடுதல் என்று நாளை எண்ணித்தான் துணி எடுக்கிறார்கள். நீங்கள் எண்ண வேண்டியது, துவைத்த துணி எத்தனை மணி நேரத்தில் காயும் என்பதை. மாலையில் துவைத்தது மறுநாள் காலை உடுத்தத் தயாராகும் என்றால் நான்கு நாளானாலும் பத்து நாளானாலும் அதே பைதான்.

மாசி பாதியிலேயே இங்கே பனி விலகி வெயில் ஏறத் தொடங்கிவிடும். பங்குனியில் மதியம் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், பகல் காற்றில் ஈரம் குறைவு. அதனால் மெல்லிய பருத்திச் சட்டை மொட்டைமாடி வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்தில் மொடமொடவென்று ஆகிவிடும். இரவில் மின்விசிறிக்குக் கீழே என்றால் விடியும்வரை ஆகும். இதில் துணியின் பருமன்தான் முக்கியம். ஒரு ஜீன்ஸ் உலர்ந்திருக்கும்போதே அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். நனைந்தால் மறுநாள் மதியம்வரை இடுப்புப் பட்டியிலும் பாக்கெட் மடிப்பிலும் ஈரம் நிற்கும். அதே எடையில் மூன்று மெல்லிய சட்டை வந்துவிடும். ஜீன்ஸை வீட்டில் வைத்துவிடுங்கள். பயணத்தில்தான் போட்டுக்கொள்கிறேன், பையில் ஏறாதே என்பார்கள். வந்து இறங்கியதும் அது பைக்குள்தானே போகப்போகிறது?

பாலியஸ்டர் இன்னும் சீக்கிரம் காயுமே என்று கேட்கலாம். உண்மைதான். வழக்கமான காற்று ஈரத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் அரை சதவீதத்தைக்கூட எட்டாது. காய்வதில் அதற்குத்தான் ஜெயம். ஆனால் வியர்வையை உறிஞ்சாது, நாற்றத்தையும் லேசில் விடாது. நம் வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு திருமயம் கோட்டை ஏறிப் பாருங்கள், தெரியும். வெளிநாட்டுக் காணொளிகளில் மெரினோ கம்பளி பனியன் ஒன்றையே வாரக்கணக்கில் போடலாம் என்கிறார்கள். நாற்றம் பிடிக்காது என்பது சரிதான், குளிர் ஊருக்கு நல்ல பொருள். பங்குனிச் செட்டிநாட்டுக்கு அந்த விலை கொடுத்து வாங்க நான் சொல்ல மாட்டேன். மல் துணி, மெல்லிய கைத்தறி, கலப்பில்லாத வாயில் (voile) பருத்தித் துணி போதும். வெள்ளையும் வேண்டாம், அடர்கறுப்பும் வேண்டாம். செம்மண் தூசி ஒன்றில் தெரியும், வியர்வை உப்பு மற்றதில் தெரியும்.

எப்படித் துவைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பாதிப் பேர் தோற்பது பிழிவதில்தான். சுற்றிவிட்டு வந்து குளிக்கும்போதே சட்டையை அலசிவிடுங்கள், ஊறவைத்து நாள் கடத்த வேண்டாம். கையால் ஒரு பிழி. அப்புறம் காய்ந்த ஈரிழைத் துண்டைக் கட்டில்மேல் விரித்து, அதன்மேல் சட்டையைப் பரப்பி, இரண்டையும் சேர்த்துப் பாயைச் சுருட்டுவதுபோல் இறுகச் சுருட்டி, முழங்காலை வைத்து நுனியிலிருந்து நுனிவரை அழுத்துங்கள். கையால் எவ்வளவு முறுக்கினாலும் போகாத தண்ணீர் துண்டுக்குப் போய்விடும். பிரித்து, உதறி, உள்பக்கம் வெளியே வரும்படி தொங்கவிடுங்கள். காலர், அக்குள், தையல் மடிப்பு இவைதான் கடைசியில் காயும் இடங்கள், அவற்றுக்குக் காற்று படவேண்டும். துண்டு ஈரிழையாக இருந்தால் அதுவும் காலைக்குள் காய்ந்துவிடும். பூத்துண்டு காயாது, கனமும் அதிகம். உங்கள் வீட்டில் மூன்று பூத்துண்டு எடுத்து வைத்திருந்தால் இப்போதே எடுத்து வெளியே போடுங்கள். காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீருக்குப் பேர்போன ஊர். சுற்று ஊர்களில் தண்ணீர் இடத்துக்கு இடம் மாறும், சோப்பு நுரைப்பதும் அதற்குத் தக்கபடிதான். அலசுவதை மட்டும் நன்றாக அலசுங்கள்.

ஆனால் எங்கே காயப்போடுவது என்பதை வீட்டு ஆச்சியிடமோ கவனித்துக்கொள்கிறவரிடமோ கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சில வீடுகளில் மொட்டைமாடியில் கொடி இருக்கும், சில வீடுகளில் பின்கட்டில். வளவில், அதாவது நடுமுற்றத்துப் பகுதியில், கட்டக்கூடாது என்று சொல்லும் வீடும் உண்டு, படம் எடுக்க வருகிறவர்கள் தொந்தரவு. ஈரத்துணியைத் தேக்குத் தூணிலும் கதவின் பித்தளைக் குமிழிலும் மாட்டாதீர்கள், சுவரிலும் படவிடாதீர்கள். சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் பூசி மழமழப்பாக்கிய சுவர் அது. சாயம் ஒட்டினால் வெள்ளையடித்து மறைக்க முடியாது.

பெட்டி வேண்டாம் என்று நீங்கள் எடுத்த முடிவு சரி என்பதற்கும் அந்த வீடுகளே காரணம். திண்ணைக்குப் படி, முகப்புக்கு நிலைப்படி, வளவுக்கு இறங்க ஒரு படி, இரண்டாம் கட்டுக்கு மறுபடி ஒரு நிலைப்படி. தெருவுக்குத் தெரு நீண்டுகிடக்கும் வீட்டில் உங்கள் அறை முதல் கட்டிலா இரண்டாம் கட்டிலா, எந்தப் பகுதியில் என்று முன்கூட்டித் தெரியாது. சக்கரப்பெட்டி அங்கே தூக்குபெட்டிதான். இன்னொன்று, இந்த வீடுகளின் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் சுட்ட ஓடு இல்லை. கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது, பிறகு பல வருடம் கால் நடந்து மெருகேறியது. ரயில் நிலையத்து ஜல்லிப்பொடி ஒட்டிய சக்கரம் அதன்மேல் உருண்டால் கோடு விழும். பெட்டியை உருட்டிக்கொண்டு நுழைகிறவர்களைப் பார்த்து ஆச்சிமார் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், முகம் மட்டும் மாறும்.

செருப்பு விஷயத்தில் ஒரே ஒரு ஜோடி, கழற்றி மாட்ட எளிதான தோல் செருப்போ ரப்பர் செருப்போ. கோயில், வீடு என்று நாளுக்குப் பத்து இடத்தில் கழற்ற வேண்டியிருக்கும், நாடா கட்டும் ஷூ தண்டச்சுமை. மதிய வெயிலில் பிராகாரக் கல் சுடும். அதற்கு மருந்து நேரம்தான்: பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, இளையாத்தங்குடி எல்லாம் காலையில் அல்லது நாலரைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் நடை சாத்திவிடும் என்பதால் எப்படியும் அப்போது வேலையில்லை. குன்றக்குடி மலைக்கோயில், படி ஏறவேண்டும். அம்மாவின் முழங்காலைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அரைக்கால் சட்டை எடுக்காதீர்கள். தங்கும் வீட்டில் கைலி அதைவிட வசதி, கோயிலுக்குள் அரைக்கால் சட்டை ஆகாது. கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. எந்தக் கோயிலில் எவ்வளவு கண்டிப்பு என்பது இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. மூன்று கைபேசியையும் போட்டு ஒருவர் கையில் கொடுக்க ஒரு சின்னச் சுருக்குப்பை இருந்தால் போதும். தனியாக கேமரா எடுத்து வருகிற எண்ணம் இருந்தால் மறுபடி யோசியுங்கள்.

இப்போது மணிவிழா. உங்கள் பயத்தில் முக்கால்வாசி இதுதான் என்று கேள்வியைப் படித்தாலே தெரிகிறது. உங்களுக்கு எட்டு முழ வேட்டி, ஒரு நல்ல சட்டை, துண்டு. இந்த வேட்டியே கோயிலுக்கும் ஆகும். பேண்ட்டும் கோட்டும் இங்கே விசேஷத்தில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. சட்டையை மடித்துக் கசங்காமல் கொண்டுவர ஆயிரம் வித்தை சொல்வார்கள். முதல்நாள் இஸ்திரிக் கடையில் கொடுத்து வாங்குவதுதான் என் வித்தை. மனைவிக்கு ஒரே ஒரு பட்டு. சரிகை அதிகமுள்ள முகூர்த்தப் பட்டு முக்கால் கிலோ, ஒரு கிலோ என்று போகும், மெல்லிய பட்டு அதில் பாதிகூட இருக்காது. பங்குனி வெயிலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட மெல்லியதுதான் சுகம். புடவையை இறுக்கிச் சுருட்டித் திணிக்காதீர்கள், சரிகை முறியும். உங்கள் வேட்டிக்குள் வைத்துத் தட்டையாக மடித்து, பையில் முதுகுப் பக்கம் நிற்கும்படி வையுங்கள். வேட்டி கொஞ்சம் கசங்கும், பட்டு தப்பிக்கும். வேறு இரண்டு பருத்திப் புடவையோ சுடிதாரோ, எல்லாவற்றுக்கும் பொருந்துகிற நிறத்தில் ஒரு உள்பாவாடை கூடுதலாக. நகைக்கு என் யோசனை, போட்டுக்கொண்டு வருவதோடு சரி. ரயிலில் பைக்குள் நகை இருந்தால் அந்தப் பையின் நிஜ எடை தராசில் தெரியாது. செய்முறைக்கு, அதாவது விசேஷத்துக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு, குத்துவிளக்கு, வெள்ளிப் பாத்திரம் என்று சென்னையிலிருந்து சுமக்க வேண்டாம், மொய்க்கவரில் முடித்துவிடுங்கள். நெருங்கிய உறவு, பொருளாகத்தான் செய்ய வேண்டும் என்றால் காரைக்குடியில் வாங்குங்கள்.

அம்மாவுக்கு வருவோம். மேலே சொன்ன துவைத்துக் காயவைக்கும் கணக்கை அவர்மேல் திணிக்காதீர்கள். புது இடத்தில் குனிந்து துவைக்க வேண்டாம், மகனையோ மருமகளையோ துவைக்க விடவும் பல அம்மாக்களுக்கு மனசு வராது. நாளுக்கு ஒரு புடவை, விசேஷத்துக்கு ஒன்று, பழகிய போர்வை, பழகிய துண்டு, இவ்வளவும் வரட்டும். அவர் பையை நீங்கள் தூக்குவீர்கள், அதனால்தான் உங்கள் பை சின்னதாக இருக்க வேண்டும் என்கிறேன். மருந்தைப் பொறுத்தவரை நான் சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான்: போக வர உள்ள நாட்களோடு இரண்டு நாள் கூடுதலாக, அட்டையிலிருந்து பிரிக்காமல், மருந்துச்சீட்டோடு, உங்கள் பையில் ஒரு பாதியும் அவர் பையில் ஒரு பாதியும். வெயிலில் எந்த மாத்திரை கெடும், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதெல்லாம் அவருடைய மருத்துவர் சொல்ல வேண்டியது, நான் அதில் வாய் வைக்கக் கூடாது. இன்சுலின் போடுகிறவராக இருந்தால் தங்கும் வீட்டில் குளிர்பெட்டி உண்டா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். குளிர்சாதன ரயில் பெட்டியில் உட்கார்ந்து வருவதென்றால் அவருக்கு ஒரு மெல்லிய சால்வை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஸ்வெட்டர் வேண்டவே வேண்டாம், மூன்று பேருக்குமே.

சோப்பு, பற்பசை, தேங்காயெண்ணெய், ஷாம்பு எல்லாம் கானாடுகாத்தான் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். ஷாம்பு பாக்கெட் என்பதே நம் கடலூர் ஆள் கண்டுபிடித்த வழி, அதைப் பயன்படுத்திக்கொள்ளலாமே. ஒரே குடை மூன்று பேருக்கும், வெயிலுக்காகத்தான், கோடை மழை வந்தால் லாபம். தண்ணீருக்கு ஆளுக்கு அரை லிட்டர் பாட்டில் போதும், ஒரு லிட்டர் என்றால் தோளில் ஒரு கிலோ. வழியில் மோரும் இளநீரும் எங்கும் உண்டு, பங்குனியில் நுங்கும் வர ஆரம்பித்திருக்கும்.

பலர் போகும்போது சின்னப் பையோடு போய், திரும்பும்போது நான்கு பையோடு வருகிறார்கள். செட்டிநாட்டில் சுமை ஏறுவது திரும்பும் பாதையில்தான். மணிவிழாவில் மூன்று பேருக்கும் மூன்று தாம்பூலப் பை வரும், ஒவ்வொன்றிலும் ஒரு முழுத் தேங்காய், கூடவே ஒரு எவர்சில்வர் பாத்திரமோ ஓலைக் கொட்டானோ. தேங்காய் மூன்றையும் தங்கும் வீட்டுச் சமையலறையில் கொடுத்துவிடுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். மறுநாள் சட்னியில் உங்களுக்கே பாதி வந்துசேரும். கண்டாங்கிச் சேலை 2019-இல் புவிசார் குறியீடு பெற்றதிலிருந்து கேட்டு வருகிறவர்கள் அதிகம். ஒன்று வாங்க நினைத்தால் அதையும் கணக்கில் வையுங்கள், அசல் கண்டாங்கி பருமனான சேலை. ஆத்தங்குடிக் கல்லை ஆசைக்கு நாலு என்று பையில் போடாதீர்கள். அது சிமெண்ட், தோளை இறக்கிவிடும், ஓரமும் உடையும். வீட்டுத் தரைக்கே வேண்டும் என்றால் பட்டறையில் சொல்லி லாரியில் அனுப்பச் சொல்லலாம். பழம்பொருள் கடையில் எனாமல் சட்டி பார்த்துக் கை நீளும்போதும் இதே கேள்விதான், பார்சலில் அனுப்புவார்களா? அனுப்ப மாட்டேன் என்றால் பார்த்துவிட்டு வாருங்கள்.

பலகாரத்தை மட்டும் நான் தடுக்க மாட்டேன். சீப்புச் சீடை, தேன்குழல், மணகோலம், மாவுருண்டை, கிலோக்கணக்கில் விற்பார்கள். அரைக்கிலோ அரைக்கிலோவாக வாங்குங்கள், கிளம்பும் நாளுக்கு முந்தின மாலை. என்றைக்குச் சுட்டது என்று கேட்டால் தவறாக நினைக்க மாட்டார்கள். சீப்புச் சீடையும் தேன்குழலும் துணிப்பையில் வந்தால் பொடியாகித்தான் சென்னை சேரும். மேலே சொன்ன தாம்பூலத்து எவர்சில்வர் டப்பா வந்திருந்தால் அதற்குள் போடுங்கள், இல்லையென்றால் பையின் உச்சியில், எதுவும் மேலே அழுத்தாமல். இவ்வளவுக்கும் இடம் வேண்டும், அதனால் சென்னையில் கிளம்பும்போது மூன்று பையிலும் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். காலியாக இருப்பது கண்ணை உறுத்தும், நிரப்பிவிடாதீர்கள். மடித்த மஞ்சப்பை இரண்டு போதும், மிச்சத்துக்கு.

எடை வரம்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரயிலில் ஸ்லீப்பருக்கு ஆளுக்கு 40 கிலோ, இரண்டாம் வகுப்பு உட்காரும் பெட்டிக்கு 35 கிலோ வரை இலவசம், ஆகவே உங்களுக்கு அது பிரச்சினையே இல்லை. மனசு மாறி திருச்சிக்கோ மதுரைக்கோ விமானத்தில் வந்தால் கைப்பை பெரும்பாலும் 7 கிலோதான். அங்கிருந்து காரைக்குடி இரண்டு பக்கமும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். என் கணக்கில் உங்கள் பையும் மனைவி பையும் ஐந்தாறு கிலோவுக்குள் முடிந்துவிட வேண்டும். செட்டிநாடு என்ற பெயரிலேயே கானாடுகாத்தானில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் எல்லா வண்டியும் நிற்காது. பல்லவன் விரைவு ரயிலில் வந்தால் காரைக்குடியில் இறங்க இரவாகிவிடும். அம்மாவோடு வருவதால் ஆட்டோவையோ காரையோ வீட்டுக்காரரிடமே முன்கூட்டிச் சொல்லி வையுங்கள்.

திரும்பவும் பல்லவன்தான் என்றால் அது விடிவதற்கு முன்பே காரைக்குடியை விட்டுக் கிளம்பிவிடும். ஆகவே கடைசி மாலை எதையும் துவைக்காதீர்கள், இருட்டில் ஈரத்துணியைத் தேடி எடுத்துப் பைக்குள் அடைத்தால் பட்டுப் புடவைக்கும் பலகாரத்துக்கும் சேர்த்து ஆபத்து. அன்றைய அழுக்குத் துணியை ஒரு தனிப் பையில் சுருட்டி, செருப்புக்குப் பக்கத்தில், அடியில் போட்டு எடுத்து வாருங்கள். வீட்டில் எத்தனையாவது கட்டில் அறை கொடுத்திருக்கிறார்கள், மாடிக்குப் படி எத்தனை என்று கேட்டு எழுதினால் அம்மாவுக்கு எது வசதி என்று இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.